ஞாயிற்றுக்கிழமை எலிகள்

எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் முக்கியமான வேலை. அதனால் சர்ச்சுக்குப் போக முடியாது. சபையில் யாரோ இதை அம்மாவிடம் ஒரு மாதிரியாகக் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுப் பிரிவில் நான் பிசிசிஸ்ட். டாக்டர் இல்லை. கேன்சருக்குக் கரண்ட் வைக்கிறார்கள் என்று ஊரில் சொல்வார்களே, அந்தக் கரண்ட் எவ்வளவு, எங்கே, எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டு, மிஷினை அளந்து சரிபார்த்துக் கொடுப்பவள். இது அம்மாவுக்குப் புரியாது. தோட்டங்காட்டில் களை வெட்டி என்னையும் அக்காவையும் படிக்கவைத்தவர் அவர். மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வெள்ளைக் கோட்டு போடுகிறாள், ஆகவே டாக்டர். திருத்தித் திருத்தி எனக்கே அலுத்துவிட்டது.

எங்கள் துறைத் தலைவருக்கு ஓர் ஆசை இருந்தது. சாதாரணமாகக் கரண்ட் வைக்க நிமிடக்கணக்கில் ஆகும். அதே அளவைக் கண் சிமிட்டும் நேரத்துக்குள் மொத்தமாகக் கொடுத்தால் கட்டி சாகிறது, சுற்றியிருக்கும் நல்ல தோலுக்கும் தசைக்கும் மட்டும் சேதம் குறைகிறது என்று உலகத்தில் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஏன் அப்படி என்று ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. சிலர் செய்தால் வருகிறது, சிலர் செய்தால் வருவதில்லை. நாமும் செய்து பார்த்துவிடலாம் என்றார் தலைவர். அனுமதியெல்லாம் வாங்கி, சுண்டெலிகளின் பின்னந்தொடையில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தோம்.

மிஷின் நோயாளிகளுக்கானது. அதை வேக நிலைக்கு மாற்றினால், மறுபடியும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எல்லாம் சரிதானா என்று அளந்த பிறகுதான் திங்கட்கிழமை முதல் நோயாளியைப் படுக்கவைக்க முடியும். அதற்கு ஒரு முழு நாள் போய்விடும். ஆகவே வேகமாக வைக்க வேண்டிய எலிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சாதாரண வேகத்தில் வைக்கும் எலிகளுக்கு வார நாள் சாயங்காலம், கடைசி நோயாளி கிளம்பிய பிறகு. ஞாயிறு எலி, சாயங்கால எலி என்றுதான் எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

முதல் முறை முடிந்து சில வாரங்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. சாயங்கால எலிகளுக்குத் தொடைத் தோல் உரிந்து புண்ணாகிக் கிடந்தது. ஞாயிறு எலிகளுக்குக் கொஞ்சம் சிவந்ததோடு சரி. தலைவர் கூண்டுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சிடுமூஞ்சி என்று பெயரெடுத்த மனிதர் அன்று எல்லோருக்கும் காப்பி வாங்கிவரச் சொன்னார். எனக்கும் தலைகால் புரியவில்லை. அம்மா அவிநாசியில் அக்கா வீட்டில் இருக்கிறார். அடுத்த முறை அங்கே போனபோது சொன்னேன்: "எலிக்கு நல்லா வந்திருக்குதும்மா. இன்னும் எத்தனையோ தடவை செஞ்சு பாக்கோணும்." அம்மா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. கர்த்தர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். பையனுக்கு வேலை கிடைத்தது, போர்வெல்லில் தண்ணீர் வந்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டு, ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைத் தட்டில் போட்டுவிட்டு உட்காருவார்கள். நான் சொல்லிவிட்டு வந்த அடுத்த மாதம் அம்மா எழுந்திருக்கிறார். என்ன சொன்னார் என்று அக்கா போனில் ஒப்பித்தாள்.

"என்ற மக ஏன் சர்ச்சுக்கு வாரதில்லைன்னு கேக்கறீங்க. கேன்சரைக் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள அழிக்கற வெளிச்சத்தைக் கர்த்தர் அவ கையில குடுத்திருக்காருங்க. தோலு கூடக் கறுக்காதுங்க. அந்த வேலை ஞாயித்துக்கெழமதானுங்க நடக்குது. அதனாலதானுங்க அவ வாரதில்லை."

சபை முழுக்க அல்லேலூயா சொன்னதாம். பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் அழுதார்களாம். எனக்குக் கேட்கும்போது சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒரு ஆராய்ச்சி முடிவு, ஒரே ஒரு தடவை வந்தது, இன்னும் ஒரு பத்திரிகைக்கும் அனுப்பாதது, அதற்குள் அவிநாசியில் காணிக்கை போட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். "பெருமைக்குத்தானே கண்ணு சொன்னேன்" என்றார். அதற்கு மேல் என்ன கத்துவது?

அன்று ஆண்கள் பக்கம் மாமாவும் உட்கார்ந்திருந்தார். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவிநாசிக்கும் காந்திபுரத்துக்கும் ஓடும் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். அவர் பேசுவதை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏறுகிற கிழவிகளிடம் மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். படியில் தொங்கும் காலேஜ் பையன்களைக் கிண்டல் செய்தே உள்ளே தள்ளிவிடுவார். அக்காவுக்கும் அவருக்கும் சண்டை வந்தால்கூட அவர் பேசியே ஜெயித்துவிடுவார்.

அவருக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் குரல்வளையில் கேன்சர் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் கரண்ட் வைத்தோம். கணக்குப் போட்டது நான். தொண்டை வெந்து, எச்சில் விழுங்க முடியாமல், கழுத்துத் தோல் கருகி, கஞ்சியைக்கூட அழுதுகொண்டே குடித்தார். ஆனால் குரல் பிழைத்தது. கொஞ்சம் கரகரப்போடு மறுபடியும் பஸ் ஏறினார். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் படிப்பின் மேல் ஒரு மரியாதை வரும்.

அம்மா சாட்சி சொன்ன கொஞ்ச நாளில் அந்தக் குரல் மறுபடியும் அடைத்துக்கொண்டது. பார்த்ததில் அதே இடத்தில் திரும்ப வந்திருந்தது. அறுவை சிகிச்சை டாக்டர் தயங்காமல் சொன்னார்: குரல்வளையை எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாக மூச்சு விட வேண்டும், இரண்டு மூன்று மாதத்துக்குள் செய்தால் ஆளைக் காப்பாற்றலாம். பிறகு ஒரு வால்வு வைத்துப் பேசப் பழக்கிப் பார்க்கலாம், ஆனால் ஏற்கெனவே கரண்ட் வைத்த தொண்டை என்பதால் உறுதி கிடையாது. மறுபடியும் கரண்ட் வைக்க முடியாதா என்று அக்கா கேட்டாள். அந்த இடத்துத் தசை ஒரு தடவைதான் தாங்கும், இன்னொரு தடவை வைத்தால் அழுகிப்போகும் என்றார் டாக்டர்.

மாமா என் பக்கம் திரும்பினார். "அதுக்குத்தானே அம்மணி உன்ற மிஷினு? நல்ல தசை கெடாதுன்னு உங்கம்மா சொன்னாங்களே."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அது எலிக்கு மட்டும்தான். அந்தக் கதிர் தோலுக்குக் கீழே கொஞ்ச தூரம்தான் போகும், குரல்வளைக்குப் போதாது. மனிதர்களுக்கு வைக்க எங்களுக்கு அனுமதி கிடையாது, வாங்க வருடக்கணக்கில் ஆகும். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். கடைசியில், "எலிக்கு ஆவுதில்ல? அப்பறம் மனுசனுக்கு ஆவாமப் போயிருமா? நான் இருக்கறேன் அம்மணி. மொத ஆளா நானே படுத்துக்கறேன்" என்றார். பஸ்ஸில் சீட்டுப் பிடித்து வைக்கிற மாதிரி சொன்னார். ஆபரேஷனுக்குத் தேதி வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதே சமயத்தில் இங்கே நாங்கள் இரண்டாவது முறை ஆரம்பித்திருந்தோம். வெளிநாட்டில் ஒரு குழு, தலைவர் ஓர் ஆராய்ச்சிக் கூட்டத்தில் பேசியதைக் கேட்டுவிட்டு, நாங்களும் அப்படியே செய்தோம், எங்களுக்கு வரவில்லை, நீங்கள் சரியாக எப்படிச் செய்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டு மெயில் அனுப்பியிருந்தது. தலைவருக்கு ரோஷம். இன்னும் நிறைய எலிகளோடு, இன்னும் கவனமாகச் செய்வோம் என்றார்.

எங்கே சறுக்கினோம் என்று சொல்ல, ஒரு பிலிமைப் பற்றிச் சொல்ல வேண்டும். வழக்கமான மீட்டர்கள் அவ்வளவு வேகத்தில் திணறிப்போகும், அவை காட்டும் அளவை நம்ப முடியாது. அதனால் எலியின் தொடைமேல் ஒரு துண்டு பிலிம் வைப்போம். கதிர் பட்டால் அது கறுக்கும். எவ்வளவு கறுத்திருக்கிறது என்று ஸ்கேனரில் படித்தால் எவ்வளவு கதிர் போனது என்று தெரியும். ஆனால் கதிர் பட்டவுடனே அது கறுத்து முடித்துவிடாது. டீத்தூள் போட்ட தண்ணீர் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் நிறம் ஏறிக்கொண்டிருப்பதுபோல, ஒரு நாள் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே இருக்கும். இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிற சங்கதி. எல்லோருக்கும் தெரியும்.

முதல் முறை ஸ்கேனர் பக்கத்துப் பிரிவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அது பூட்டியிருக்கும். அதனால் ஞாயிறு எலிகளின் பிலிமைத் திங்கட்கிழமை படித்தோம். சாயங்கால எலிகளின் பிலிமை, ஸ்கேனர் அறை திறந்தே இருந்ததால், அப்போதே படித்துவிட்டோம். யாரும் அசட்டையாக இல்லை. கிடைத்த நேரத்தில் கிடைத்த இடத்தில் எல்லோரும் ஒழுங்காகத்தான் வேலை செய்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசிக்கத்தான் ஆள் இல்லை.

இரண்டாவது முறைக்கு எங்கள் அறைக்கே ஒரு ஸ்கேனர் வந்துவிட்டது. ஞாயிறு பிலிமையும் உடனே படித்தேன். கறுப்பு போதவில்லை. போன தடவை கொடுத்த அளவேதான் கொடுத்தோம், மிஷினும் அதேதான், பிலிம் மட்டும் குறைவாகக் காட்டியது. மிஷினில்தான் கோளாறு என்று அதை அக்கக்காகப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் என்னவோ தோன்றி அதே பிலிமை மறுபடி ஸ்கேனரில் வைத்தேன். கறுப்பு ஏறியிருந்தது. போன தடவை படித்த அளவு வந்துவிட்டது.

கறுப்பைக் கதிரின் அளவாக மாற்றும் எங்கள் கணக்கு உடனே படிக்கும் பிலிமுக்கானது. போன தடவை ஞாயிறு எலிகளுக்கு நாங்கள் நினைத்த அளவு போகவே இல்லை. கொஞ்சம் குறைவாகத்தான் போயிருக்கிறது. கதிர் குறைவாகப் போனால் புண்ணும் குறைவாகத்தான் வரும், அதற்கு வேகமும் வேண்டாம், புதுக் கண்டுபிடிப்பும் வேண்டாம். தலைவரிடம் இரண்டு அளவுகளையும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அளவைச் சரி பண்ணித் திரும்பச் செய்யுங்க" என்றார். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி பண்ணிச் செய்தோம். இத்தோடு எல்லாம் பொய் என்று ஆகியிருந்தால்கூட நிம்மதி. அப்படியும் ஆகவில்லை. ஒரு கூண்டில் ஞாயிறு எலிகள் தெளிவாகவே நன்றாக இருந்தன. அடுத்த கூண்டில் இரண்டு வகையும் ஒரே மாதிரி புண்ணாகிக் கிடந்தன. மயக்க மருந்தோடு கொடுக்கும் ஆக்ஸிஜனை மாற்றியதாலா, எலியின் வயசா, அறையின் குளிரா? எதைக் கேட்டாலும் இருக்கலாம் என்றுதான் பதில். இத்தனை மாதம் வேலை செய்து, கடைசியில் என் கையில் இருந்தது ஒரே வார்த்தை: தெரியவில்லை. அறிவியலில் அது கௌரவமான வார்த்தைதான். அவிநாசிக்கு அதை எடுத்துக்கொண்டு போக முடியாது.

இருந்தாலும் போனேன். முதலில் அம்மாவிடம், சபையில் எழுந்து, அன்று சொன்னது இன்னும் உறுதியாகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். அப்படியாவது மாமா மனசு மாறுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

அம்மா அரண்டுபோனார். "சாட்சியை எப்படிக் கண்ணு திரும்ப வாங்கறது? கர்த்தருக்குச் சொன்ன ஸ்தோத்திரத்தை, இல்லீங்க சாமி, தப்பாச் சொல்லிப்போட்டேன்னு சொல்றதா? அப்படி ஆரும் சொன்னதே இல்லையே."

அவர் சொன்னது உண்மை. நானும் கேட்டதில்லை. எங்கள் துறையில் பிசகிப்போன முடிவைத் திரும்பப் பெறுவதற்கென்று ஒரு வழி இருக்கிறது. அசிங்கம்தான், ஆனால் வழி இருக்கிறது. சபையில் சாட்சி சொல்ல நேரம் உண்டு, விண்ணப்பத்துக்கு நேரம் உண்டு, வாபஸ் வாங்க நேரம் இல்லை. போதகரிடமே போய்க் கேட்டேன். நல்ல மனிதர். முழுக்கக் கேட்டார். "நீங்க வெசனப்படாதீங்க சிஸ்டர், இதை நான் பாத்துக்கறேனுங்க" என்றார்.

அந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போய் உட்கார்ந்தேன். போதகர் பிரசங்க மேடையிலிருந்து, நம் சகோதரியின் ஆராய்ச்சிக்கு ஒரு தடை வந்திருக்கிறது, அந்த முடிவு மறுபடியும் அப்படியே வரும்படி சபையாக ஜெபிப்போம் என்றார். எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள். எலிகளின் தோல் புண்ணாகாமல் இருக்க அவிநாசியில் ஒரு சபையே உருகி ஜெபித்தது. நான் கண்ணைத் திறந்து ஆண்கள் பக்கம் பார்த்தேன். மாமா இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். "மாமா, திரும்பச் செஞ்சு பாத்தோமுங்க. அப்படியே வரலீங்க."

"அப்ப அது பொய்யா அம்மணி?"

பொய் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "பொய்யின்னும் சொல்ல முடியலீங்க மாமா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பொய்யில்லீல்ல? அது போதும்" என்றார். உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் என் தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். உள்ளதை உள்ளபடி சொல்லி ஓர் ஆளைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அக்கா இழுத்துக்கொண்டு வந்ததால்தான் அடுத்த ஸ்கேனுக்கு வந்தார். கட்டி வளர்ந்திருந்தது. இன்னும் எல்லை தாண்டவில்லை, தாண்டினால் நான் கத்தியைத் தொட மாட்டேன் என்றார் டாக்டர். அக்கா அழுதாள். மாமா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அப்போது அவருக்குக் குரல் கிசுகிசுப்பாகத்தான் வரும். நாங்கள் எல்லோரும் குனிந்து கேட்டோம்.

"சபையே ஜெபிக்குது. உன்ற மிஷினைப் பத்தி நீ ஒருத்திதான் சொல்லோணும். அது பொய்யின்னு சொல்லு, இப்பவே கையெழுத்துப் போட்டர்றேன். பொய்யில்லைன்னா நான் அதுக்குக் காத்திருக்கறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். அன்று காலையில்தான் தலைவரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன், அறிக்கையில் உண்டு என்றும் எழுதக் கூடாது, இல்லை என்றும் எழுதக் கூடாது, நமக்கு அந்த உரிமை இல்லை என்று. வேறு எந்த விஷயத்திலும் நான் அவ்வளவு பிடிவாதமாக இருந்ததில்லை.

"பொய்ங்க மாமா" என்றேன்.

உடனே பேனாவைக் கேட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடி டாக்டர் கையிலேயே கொடுத்தார்.

ஆபரேஷன் அன்று காலையில் அவரைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்துவிட்டார்கள். அக்கா, அவர் கழற்றிக் கொடுத்த வாட்சையும் மோதிரத்தையும் கைக்குட்டையில் கட்டிக்கொண்டிருந்தாள். மாமா என்னைக் கிட்டே வரும்படி விரலை அசைத்தார். காதை வாயருகே கொண்டுபோனேன்.

"அம்மணி, அன்னிக்குப் பொய்யின்னு சொன்னியே. மெய்யாலுமே பொய்தானா?"

தள்ளுகிறவர்கள் நின்றார்கள். அவர் கோபமாகக் கேட்கவில்லை. பொறுமையாக, பதில் வரும்வரை காத்திருக்கிறவராகக் கேட்டார். இதற்கு மேல் எனக்கு ஒரு பொய்கூட மிச்சமில்லை. உண்மையும் கையில் இல்லை.

"தெரியலீங்க மாமா."

 அவர் என் கையை இரண்டு தடவை தட்டினார்.

"செரி கண்ணு" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு வால்வு வைத்துப் பார்த்தார்கள், தொண்டை ஏற்கவில்லை. அதற்கப்புறம் அவர் பேசவில்லை.